வேலியில் போடாத துண்டு

இல்ல தாயி, கட் பண்ணிராதீக. சரியான நம்பருக்குத்தான் அடிச்சிருக்கீக. இது பிரகாசு போன்தான். ஆமா, சூர்யபிரகாஷ். ஒங்க கம்ப்யூட்டர்ல முளுப் பேரு இருக்கும், இங்கன எங்களுக்குப் பிரகாசு. நான் இங்கன கம்பெனி கேட்டுல இருக்குற வாட்ச்மேன் பேசுறேன்.

கேக்குதா? எனக்கு ஒங்க முகம் நல்லாத் தெரியுது. கண்ணாடி போட்டிருக்கீக. பின்னாடி ஒரு காலண்டர் தொங்குது. என் முகம் தெரியுதா? ஆடுதா? காத்து தாயி. பொட்டக்காடு இல்லையா, ஆடி முடிஞ்சும் காத்து விடமாட்டேங்குது. இருங்க, இந்தக் கையில பிடிக்கேன். இப்ப? ஒண்ணும் மாறலையா? சரி, ஆடிட்டுப் போகுது. மூக்க ஏன் தொடைக்கேன்னு பாக்காதீக, சளி புடிச்சிருக்கு.

அவனா? இன்னைக்கு வரமாட்டான். இல்ல, லீவு இல்ல. சொல்றேன், அதச் சொல்லத்தான் போனை எடுத்தேன். ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கவும் வேண்டியிருக்கு. டாக்டர் ஒருத்தர்கிட்டதான் கேக்க முடியும், ஒங்கள விட்டா எனக்கு வேற டாக்டரைத் தெரியாது. மதுரையில உக்காந்துகிட்டு இம்புட்டுப் பேரைப் பாக்கீக, ஒங்களுக்கு வேலை கெடக்கும். அவனுக்குன்னு பத்து நிமிசம் வச்சிருப்பீகள்ல, அத எனக்குக் குடுங்க. போதும்.

போன் எப்படி என் கையிலன்னா, இது பட்டாசுக் கம்பெனி தாயி. பீடி, தீப்பெட்டி, செல்லு, மூணையும் உள்ள கொண்டுபோக விடமாட்டாக. காலையில வரிசையா நின்னு என் கையில குடுத்துட்டுத்தான் போகணும். அறுவது பொந்து வச்ச மரப்பொட்டி ஒண்ணு செவுத்துல அடிச்சிருக்கு. ஆளுக்கொரு நம்பரு. அவனுக்கு முப்பத்தொண்ணு. நாளெல்லாம் அறுவது போனும் என் தலைமாட்டுல கத்திக்கிட்டே கெடக்கும். ஒருத்தன் பொண்டாட்டி கூப்பிடுவா, ஒருத்தி மகன் பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிடுவாக. நான் எதையும் தொடமாட்டேன். சத்தத்த வச்சே இது இன்னார் போனுன்னு சொல்லிருவேன். முப்பத்தொண்ணு மட்டும் செவ்வாய்க்கிளமை பதினொரு மணிக்கு டாண்ணு அடிக்கும்.

ஆமா, நீங்கதான். மொத ரிங்கு எனக்கு, அஞ்சு நிமிசம் களிச்சு ரெண்டாவது ரிங்கு அவனுக்குன்னு அவன் ஒங்ககிட்ட பேசி வச்சது. அதுல என் வேலை என்னன்னு ஒங்களுக்குச் சொல்லியிருப்பானோ என்னமோ. நான் கேட்டை விட்டு நகரக்கூடாது. ரூம் எல்லாம் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பாக, ஒண்ணுல புடிச்சா இன்னொண்ணுக்குத் தாவக்கூடாதுல்ல. அவன் ரூமு கடேசி. கத்துனா அவனுக்குக் கேக்காது, கேட்டா ஊருக்கே கேக்கும். அதனால நாங்க ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு செஞ்சிக்கிட்டோம். மொத ரிங்கு வந்ததும் என் தோளுல கெடக்குற பச்சத் துண்ட எடுத்து வேலியில போடுவேன். அவன் ரூமு வாசல்ல இருந்து பாத்தா தெரியும். ஒண்ணுக்குப் போறவன் மாதிரி கையத் தொடச்சிக்கிட்டே வந்துருவான். இந்தா நான் உக்காந்திருக்கேன்ல, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி, இதே ஸ்டூலுதான். அவனுக்குப் பின்னாடி ஒரு மஞ்சச் செவுரு தெரியும்ல? இந்தா, இதுதான் அது.

இந்த ஸ்டூலுதான் அவனுக்கு ஆஸ்பத்திரி தாயி.

மொத நா நீங்க பயந்துட்டீகளாமே. மூஞ்சி ஏன் இப்படி மினுங்குதுன்னு கேட்டீகளாம். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவன் மூஞ்சி அப்படித்தான் இருக்கும். வெள்ளிப் பொடி. கண்ணு இமையில எல்லாம் ஒட்டியிருக்கும். அதுக்கப்புறம் நீங்க கூப்பிடுற அன்னைக்கு மட்டும் இந்தக் கொளாயில மூஞ்சியக் களுவி, என் சீப்பை வாங்கித் தலை சீவிக்கிட்டு உக்காருவான். ஏலே, டாக்டரம்மாவப் பாக்கப் போறியா பொண்ணு பாக்கப் போறியான்னு கேப்பேன். மாமா, அவுக முன்னாடி வேசம் கட்டுனவன் மாதிரி உக்கார முடியுமாம்பான்.

ஒரு நா நாக்க நீட்டச் சொன்னீகள்ல? மாத்திரை கரைஞ்சிருச்சான்னு பாக்க. அந்நேரம் பாத்து போர்மேன் காளீஸ்வரன் வந்துட்டாரு. யாருக்குலே பளிப்புக் காட்டுற, பொண்டாட்டிக்கான்னு ஒரே சிரிப்பு. ஆமாண்ணே, சண்டைன்னு இவன் சமாளிச்சிட்டான். நீங்களும் அங்கன சிரிச்சீகளாம். அத ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டான். டாக்டரம்மா சிரிச்சாக மாமா, அவுகளும் நம்மள மாதிரித்தான்னு.

லீவு போட்டு நேர்ல வந்திருக்கலாம், நெசந்தான். வாராவாரம் செவ்வாய்க்கிளமை லீவு போட்டா என்னலே நோவும்பாக. மாத்திரைக்கு அடிமையாயிட்டான்னு ஒரு வார்த்தை உள்ள போச்சுன்னா, மறுநா கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. அதுலயும் தப்பு சொல்ல முடியாது, கண்ணு சொருகுறவனை வெடிமருந்துக்கிட்ட யாரு விடுவா? வீட்டுலயும் சொல்லல. வேல்விழிக்கு, அதான் அவன் பொண்டாட்டிக்கு, இடுப்பு வலிக்கு மதுரை டாக்டர் பாக்காகன்னு மட்டுந்தான் தெரியும். முளுசாத் தெரிஞ்சது நீங்க, எங்க ஊருப் பக்கத்து நர்ஸம்மா அருணாதேவி, நான். மூணே பேரு.

இடுப்பு வலியில தொடங்குனதும் நெசந்தான். முன்னாடி இங்கன லோடுமேனா இருந்தான். லாரி மேல இருந்து அட்டைப்பொட்டியோட விளுந்து இடுப்பு புடிச்சிக்கிச்சு. சீசன் நேரம். படுத்துக் கெடக்க முடியுமா? யாரோ ஒரு ஆளு, இந்தாலே, இத ஒண்ணு போடு, ஒரு மணி நேரத்துல பறந்துரும்னு ஒரு வலி மாத்திரையக் குடுத்திருக்கான். பறந்துருச்சு. மறுநா ரெண்டு. அப்புறம் வலி இருக்கோ இல்லையோ, மாத்திரை இல்லாட்டி எந்திரிக்க முடியாதுன்னு ஆயிப்போச்சு. ஒங்களுக்குத் தெரியாததா. நேரத்துக்கு எட்டு வரைக்கும் போச்சு.

புள்ளயாலதான் விடணும்னு நெனச்சான். ரோஜான்னு மூணு வயசு. அவளை மடியில வச்சிக்கிட்டே கண்ணு சொருகியிருக்கான், புள்ள நளுவி படிக்கட்டுல விளுந்துருச்சு. நெத்தியில ரெண்டு தையலு. மறுநாளே நர்ஸம்மாகிட்ட போயி நின்னுட்டான். அவுகதான் ஒங்களைக் காட்டி விட்டாக. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை, வாரத்துக்கு ஒருக்கா நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் அடுத்த வாரத்துக்கு நர்ஸம்மா எடுத்துக் குடுப்பாக. அதுவும் சரிதான். கண்டபடி குடுக்குற சாமான் இல்லையே அது.

மூணு வாரம் தாயி. ஆளே மாறிட்டான். சோத்துச் சட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு, மாமா, கத்திரிக்கா வாசம் வருதுன்னான். அதுக்கென்னலேன்னேன். ஒரு வருசமா எனக்கு வாசமே தெரியல மாமான்னான். போன செவ்வாய் வந்திருந்தா நாலாவது தடவை.

ஆமா, போன செவ்வாய். அதுக்குத்தான் வாரேன்.

அன்னைக்கு போன் அடிக்கல தாயி. இங்கன டவரு அப்படித்தான், வந்தா வரும்... மூணு தடவையா? ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்கா? மூணு தடவையும் ரிங்கு போச்சா?

ம். போயிருக்கும்.

அது என்னன்னா, அன்னைக்கு செக்கிங் வந்துட்டாக. ஜீப்புல நாலு பேரு. கேட்டுலயே நிக்காக. பக்கத்துல காளீஸ்வரன். அவுக முன்னாடி துண்ட எடுத்து வேலியில போட்டா, என்னய்யா சாடைன்னு கேக்க மாட்டாகளா? அதான் போடல. அது முடியவும் ஒங்க நேரமும் முடிஞ்சு போச்சு.

அவனா? ஒண்ணும் சொல்லலயே. சாயங்காலம் போனை வாங்கிப் பாத்தான். மூணு மிஸ்டு கால் கெடக்குது. என் மூஞ்சியப் பாத்தான். செக்கிங் வந்துச்சுலேன்னேன். சரி மாமா, ஏளு நாளுதான, பாத்துக்கலாம்னுட்டுப் போயிட்டான்.

ஒங்க நம்பருக்குத் திருப்பி அடிச்சா எடுக்காதாமே. ஆமா, நீங்க கூப்பிடுறதுக்கு மட்டும் உள்ள நம்பருன்னு அவனும் சொன்னான். புதங்கிளமை வேலை முடிஞ்சு நர்ஸம்மாகிட்ட ஓடியிருக்கான், பூட்டிருச்சு. வியாளக்கிளமை அவுக ஊசி போடுற கேம்புக்குப் போயிட்டாக. அவுக மேல குத்தமில்ல தாயி. ஒத்த ஆளு, ஒம்பது ஊரு.

வெள்ளிக்கிளமை காலையில போனை இந்தப் பொந்துல வைக்க வந்தான் பாருங்க. கை நிக்கல. பொந்து இங்கன இருக்கு, கை அங்கன போகுது. ரெண்டு ராவா தூக்கமில்ல. மூக்கு ஒளுகுது, கொட்டாவி மேல கொட்டாவி. எலும்புக்குள்ள எறும்பு போகுது மாமான்னான்.

அப்புறம் எங்கனயோ வாங்கி அந்தப் பளைய மாத்திரையப் போட்டிருக்கான். எட்டு. ஆமா, எட்டேதான். முன்னாடி போடுற அதே எட்டு.

தெரியும் தாயி. மூணு வாரம் விட்ட ஒடம்பு பளைய அளவத் தாங்காதுன்னு இப்பத் தெரியும். அன்னைக்குத் தெரியல.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சதும் எல்லாரும் அந்த வேப்பமரத்தடிக்கு வருவாக. சாப்பிட்டுட்டுக் கால் மணி நேரம் தலையச் சாய்ப்பாக. இவன் சாப்பிடல. சட்டியத் தலைக்கு வச்சுப் படுத்தான். படுத்த கொஞ்ச நேரத்துல கொறட்டை. அப்படி ஒரு கொறட்டை. பொம்பளைக சிரிக்காக. இவன் என்னடி, லாரி மேடு ஏறுற மாதிரி இளுக்கான்னு ஒருத்தி சொல்றா. ஒரு இளுப்பு இளுப்பான், அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் இருக்காது, மறுபடி ஒரு இளுப்பு. மணி அடிச்சு எல்லாரும் எந்திரிச்சாக. ரூமு ஆளு ஒருத்தன் எளுப்ப வந்தான். நான் இங்கன இருந்து கையக் காட்டுனேன். விடுலே, பாவம், ரெண்டு நாளா தூங்கல. காளீஸ்வரன் கேட்டா நான் சொல்லிக்கிடுறேன்னேன். இந்தப் பக்கமா வந்த புள்ளைகளக் கூட சத்தம் போடாதீகடின்னு வெரட்டுனேன்.

ஸ்டூலைப் போட்டு இருவது அடி தள்ளித்தான் உக்காந்திருந்தேன். கொறட்டை நின்னுச்சு. அட, நல்லா அசந்துட்டான்னு நெனச்சேன்.

நாலு மணிக்கு வெயிலு அவன் மூஞ்சிக்கு வந்துருச்சு. தள்ளிப் படுலேன்னு கூப்பிட்டேன்.

...

இருக்கேன் தாயி. கேக்குது.

இல்ல, ஆட்டோவுல அள்ளிப் போட்டுத்தான் கொண்டு போனாக. அங்கன போனதும் பாத்துட்டு, எப்பவோ போயிருச்சுன்னுட்டாக. மாரடைப்புன்னு பேச்சு. வெறும் வயிறு, வெயிலுன்னு ஆளுக்கொண்ணு சொன்னாக. இருவத்தேளு வயசு. குளிப்பாட்டும்போது நானும் நின்னேன். எம்புட்டு ஊத்தியும் காது மடிப்புல இருந்த வெள்ளி போகல. அப்படியே மினுங்கிக்கிட்டுப் போனான்.

இப்பக் கேக்கேன். நீங்க டாக்டர். அந்தக் கொறட்டை, அது தூக்கந்தானே?

சொல்லுங்க தாயி. நான் அளமாட்டேன்.

...ம்.

மூச்சு முட்டுனா அப்படித்தான் சத்தம் வருமா? அப்ப நெஞ்சு மூச்ச மறந்து மறந்து இளுக்கும்னு சொல்றீக. அந்தச் சத்தம் வந்தப்பவே தட்டி எளுப்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா...

ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு மேல கொறட்டை கேட்டுச்சு தாயி. நான் காவல் இருந்தேன். யாரும் எளுப்பிராம.

இருங்க, இருங்க. லோடு லாரி ஆரன் அடிக்கான். கேட்டைத் தொறந்து விட்டுட்டு வந்துருதேன். வச்சிராதீக. இந்தா, ஸ்டூலு மேல வைக்கேன், வானந்தான் தெரியும். வச்சிராதீக தாயி.

...

இருக்கீகளா? இருக்கீக. நல்ல மனசு. டிரைவரு கேக்கான், என்ன அண்ணாச்சி, இந்த வயசுல வீடியோ காலான்னு. போலே, ஒஞ்சோலியப் பாருன்னுட்டேன். ஆனைக்குட்டம் தாண்டுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும்.

என்ன கேட்டீக? போனு ஏன் இன்னும் என்கிட்ட இருக்குன்னா?

வெள்ளிக்கிளமை வச்சது, அப்படியே முப்பத்தொண்ணுல கெடக்கு. நேத்து வேல்விழி வந்தா. தலைய முடிஞ்சிக்கிட்டு, புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு. பெரியப்பா, அவுக போனைக் காணோம், அதுலதான் அவுக படம் எல்லாம் இருக்கு, மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் இல்ல வீட்டுலன்னா. எனக்குப் பின்னாடி மூணடியில இருக்கு போனு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இங்கன இல்லையேம்மா, ஆட்டோவுல எங்கனயும் விளுந்திருக்கும்னேன். அவ தல ஆட்டிட்டுப் போயிட்டா. ரோஜா மட்டும் திரும்பித் திரும்பி அந்தப் பொட்டியப் பாத்துக்கிட்டே போச்சு. அவுக அப்பன் சாயங்காலம் அதுல இருந்து போனை எடுக்குறதப் பாத்த புள்ள.

ஏன் பொய் சொன்னேன்னு கேப்பீக. கேளுங்க. கேட்டாத்தான் என் வாயில வரும்.

போன செவ்வாய்க்கிளமை செக்கிங் எதுவும் வரல தாயி.

ஜீப்பும் வரல, ஆளும் வரல. நான் கேட்டுல என் சேருல உக்காந்திருந்தேன். பதினொரு மணிக்கு நீங்க அடிச்சீக. எனக்குக் கேட்டுச்சு. கெணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுற மாதிரி கேட்டுச்சு. முப்பத்தொண்ணு, பிரகாசு, துண்ட எடுத்துப் போடணும், எல்லாம் தெரியுது. எந்திரிக்கணும்னு நெனைக்கேன். எந்திரிச்சிட்ட மாதிரியே இருக்கு. துண்ட வேலியில போட்டுட்டு வந்து உக்காந்துட்ட மாதிரியே இருக்கு. மறுபடி நீங்க அடிக்கீக. அட, அவன் வந்து பேசிக்கிட்டிருப்பான்னு நெனைக்கேன். சரியா முளிப்பு வரும்போது மணி ஒண்ணு. துண்டு என் மடியில கெடக்கு.

அன்னைக்குக் காலையில நான் ஆறு போட்டிருந்தேன். வளக்கமா நாலு.

ஆமா தாயி. அதே மாத்திரைதான்.

இது கை. தெரியுதா? போனைத் தள்ளிப் பிடிக்கேன் பாருங்க. தோளு வரைக்கும் இப்படித்தான், முதுகும். ஆறு வருசத்துக்கு முன்னாடி வேற கம்பெனியில வெந்தது. நாலு பேரு போயிட்டாக, நான் பொளச்சேன். அப்பக் குடுத்த மாத்திரை. தோலு ஆறிப்போச்சு, மாத்திரை ஆறல. வெந்தவனுக்கு உள்ள வேலை குடுக்க முடியாது, கேட்டுல இருன்னாக. உக்காந்தே இருக்குற வேலை, கண்ணு சொருகுனா வெயிலுன்னு நெனச்சிக்கிடுவாக. ஆறு வருசமா ஒருத்தருக்கும் தெரியாது. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும்னா, இடுப்பு புடிச்சுக் கெடந்தப்ப யாரோ ஒரு ஆளு மாத்திரை குடுத்தான்னு சொன்னேன்ல. அந்த ஆளு நான்தான். மனசு கேக்காமக் குடுத்தேன் தாயி. நல்லதுன்னுதான் குடுத்தேன்.

அந்த எட்டும் நான் குடுத்ததுதான். வெள்ளிக்கிளமை காலையில அந்தக் கையப் பாத்துட்டு என்னால நிக்க முடியல. நான் துண்டு போடாததாலதானே இவன் இப்படி நடுங்குறான்னு, டிபன் டப்பாவுல வச்சிருந்ததை எடுத்துக் குடுத்தேன். எம்புட்டு வேணும்லேன்னு கேக்கக் கூட இல்ல. அவன் அளவு எனக்குத் தெரியுமே. வேண்டாம் மாமான்னுதான் மொதல்ல சொன்னான். அடுத்த செவ்வாய் டாக்டரம்மாட்ட என்ன சொல்லுவேன்னான். நானே பேசிக்கிடுதேன்லேன்னு கையில வச்சு மூடுனேன்.

இந்தா, பேசிட்டேன்.

ஒண்ணு சொல்லட்டுமா? செக்கிங் வந்தா ரூம் ரூமா உள்ள போயித்தான் பாப்பாக. வரலன்னு அவனுக்குத் தெரியும். மிஸ்டு காலைப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்தானே, அப்பவே அவனுக்குத் தெரியும் நான் என்ன நெலமையில உக்காந்திருந்தேன்னு. தெரிஞ்சுதான், சரி மாமான்னு சொன்னான். ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு இம்புட்டு இருக்காது.

அவன் கூப்பிடவும் செஞ்சான் தாயி. மாமா, நீங்களும் டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை பேசுங்கன்னான். ரெண்டாவது வாரம் போனை என் பக்கமாத் திருப்பவே செஞ்சான். பச்சத் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு ஒரு கெளவன் எந்திரிச்சு ஓடுனானே, ஞாவகம் இருக்கா? இருக்கா? யாரு அதுன்னு கேட்டீகளாமே. வெக்கப்படுறாருன்னு சொன்னானாம்.

அதுக்குத்தான் போனை வச்சிக்கிட்டேன். என்கிட்ட இருக்குறது பட்டன் செல்லு, அதுல ஒங்க முகம் வராது. ஒங்க நம்பரும் தெரியாது. செவ்வாய்க்கிளமை பதினொரு மணிக்கு இது அடிக்கும், அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். சார்ஜ் ஏத்தி ஏத்தி வச்சிருந்தேன். தொறந்து பாக்கல, எனக்குத் தொறக்கத் தெரியாது. வெளிச்சம் வந்தா முன்னாடி ரோஜா படம் வருது. தையலோட சிரிக்கா. சாயங்காலம் வேலை முடிஞ்சு நேரா அவுக வீட்டுக்குப் போயி இதைக் குடுத்துருவேன். ஆட்டோவுல விளுகல, நான்தான் வச்சிருந்தேன்னு சொல்லணும். அந்தக் கொறட்டையச் சொல்லணுமா? மாரடைப்புன்னே இருக்கட்டுமா?

சரி. அத நீங்க சொல்ல முடியாது. நான்தான் சொல்லணும். சொல்லாம எப்படி.

அடுத்த செவ்வாயா? நர்ஸம்மாகிட்ட நேரா போனா அங்கனயே பெரிய போன்ல ஒங்களைப் பாக்கலாமா? பகல்லயா? எல்லாரும் பாப்பாகளே. ம். பாக்கட்டும். காளீஸ்வரன்கிட்டயும் நானே சொல்லிருதேன். கேட்டுக்கு வேற ஆளு போடட்டும். இந்த நெலமையில இங்கன உக்காரக்கூடாதுன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு.

இன்னைக்கு எத்தனை போட்டேனா? ஒண்ணும் போடல. ஞாயித்துக்கிளமை ராவோட நிறுத்திட்டேன். போட்டிருந்தா நீங்க கூப்பிடும்போது மறுபடியும் கெணத்துக்குள்ள கெடப்பேனே. இன்னைக்காவது மொத ரிங்குலயே எடுக்கணும்னு இருந்தேன். எடுத்துட்டேன்ல? படம் ஆடுதுன்னு சொன்னீகள்ல. காத்து இல்ல தாயி. இங்கன ஒரு எல கூட அசையல.

சரி, நீங்க சொல்ற மாதிரி இன்னைக்கே நர்ஸம்மாகிட்ட போயிருதேன். அவுகளுக்கு நீங்க சொல்லிருங்க.

பேரா? எளுதிக்கிருங்க. ரத்தினசாமி. அம்பத்தெட்டு. ஊரு அச்சங்குளம். அவன் பேருக்குக் கீளயா எளுதுறீக? எங்கனயோ எளுதுங்க, அவன் பேர அடிச்சிராதீக.

வேலையா? வாட்ச்மேன் தாயி. கேட்டுல வாட்ச்மேன்.